சதுரத்தில் நாலு பேர்

மெஹபூப் அலி பாய் ஏலத்தில் எடுத்த பன்னிரண்டு டஜன் படச் சட்டங்களைக் கொண்டுவந்து இறக்கிய அன்றே, இனி என் கைக்கு ஓய்வில்லை என்று தெரிந்துவிட்டது. மவுண்ட் ரோட்டில் மூடிப்போன ஏதோ ஒரு கடையின் சரக்கு. தேக்கு மரம், ஓரத்தில் தங்க ரேக்கு, முன்னால் நல்ல கண்ணாடி. குறை சொல்ல ஒன்றுமில்லை, அத்தனையும் சதுரம் என்பதைத் தவிர. பூத்தையல் துணிகளை மாட்டி வைப்பதற்காகச் செய்தவையாம். எங்கள் படங்களோ ஒன்று நெட்டையாக இருக்கும், இல்லாவிட்டால் அகலமாக இருக்கும். சதுரமாக ஒரு படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"சட்டத்த வெட்டினா கண்ணாடி ஒடஞ்சிடும் மர்சலின்மா. படத்த வெட்டினா இன்னா ஆயிடப்போவுது?" என்றார் பாய்.

என்ன ஆகும் என்று அவருக்கா தெரியும்? படம் பிடிப்பது, கழுவுவதுடன் அவர் வேலை முடிந்தது. நறுக்குவது, ஒட்டுவது, முகத்து அம்மைத் தழும்புகளைப் பென்சிலால் மறைப்பது எல்லாம் நான். கச்சேரி ரோட்டில் இருந்த அந்த ஸ்டூடியோவில் பதினோரு வருஷமாக இதையே செய்துகொண்டிருந்தேன். 1928ஆம் வருஷம் அது. வாசலில் 'நவீன சதுரப் படம்' என்று பாய் பலகை எழுதி மாட்டிவிட்டார். நவீனம் என்று எழுதிவிட்டால் மயிலாப்பூரில் எதுவும் போகும்.

சதுரம் பார்ப்பதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். கறுப்பு அட்டையில் 'ட' எழுத்தைப் போல இரண்டு துண்டு வெட்டிக்கொண்டேன். ஒரு 'ட'வை நேராக வைத்து, இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பி அதன்மேல் வைத்தால் நடுவில் ஒரு ஜன்னல் கிடைக்கும். அந்த ஜன்னலைப் படத்தின் மேல் இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்ப்பேன். உள்ளே இருப்பது இருக்கும். வெளியே நிற்பது குப்பைக் கூடைக்குப் போகும். பாய் அந்த அட்டைகளுக்கு 'மர்சலின்மாவோட கோர்ட்டு' என்று பேர் வைத்தார். தீர்ப்பு சொல்லிச் சொல்லி எனக்குத்தான் கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டது.

வக்கீல் குமாஸ்தா சந்திரமௌலி ஐயர் வந்து சண்டையே போட்டார். "ஏம்மா, என் காலைக் காணோமே! புதுசா பம்ப் ஷூ வாங்கிப் போட்டுண்டு வந்தேன். அதுக்காகத்தானே படமே எடுத்துண்டேன்!" என்றார். முகம் வேண்டுமா, ஷூ வேண்டுமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதெல்லாம் ஒரு பக்கம். என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது வேறு. என் தம்பி அகஸ்டினுக்கு ரங்கூனில் ஒரு மர வியாபாரக் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்திருந்தது. மாதக் கடைசியில் கப்பல். அவன், அவன் மனைவி பியாட்ரிஸ், ஆறு வயதுப் பெண் பிலோமி, நான், நாலு பேரும் சாந்தோமில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். கப்பலில் எனக்கும் இடம் உண்டா என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

ஆனால் இதில் கேட்க என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. அவனுக்கு நாலு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது பதினைந்து. அவனுக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் தைலம் தடவியதிலிருந்து, ஞானோபதேச வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதிலிருந்து எல்லாம் நான். இவனைக் கரையேற்றிவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று இருந்தேன். கரையேறிவிட்டான். எனக்கு நாற்பத்திரண்டு ஆகிவிட்டது. என்னை விட்டுவிட்டா போவான்? ரங்கூனில் மழை அதிகம் என்று கேள்விப்பட்டு ஒரு குடை வாங்கிக்கொண்டேன். மாதக் கடைசியில் நின்றுகொள்கிறேன் என்று பாயிடமும் சொல்லிவிட்டேன். இதை வீட்டில் சொல்லவில்லை. அவர்களாக என்னைக் கூப்பிடட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு வறட்டு கௌரவம்.

பாய் மட்டும் நல்ல மனுஷர். "ரங்கூன்ல நம்ம ஆளுங்க ஸ்டூடியோ நெறைய கீது. நான் ஒரு லெட்டர் குடுக்கிறேன், போனதும் குடு," என்று அப்போதே எழுதியும் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் ஸ்டூடியோவுக்கு வந்து ஒட்டுகிற வேலையில் இருந்தேன். சட்டங்கள் வந்ததிலிருந்து எனக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. பத்து மணி இருக்கும். அகஸ்டின் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றான். பின்னால் பியாட்ரிஸ் கல்யாணப் பட்டுப் புடவையில். பிலோமிக்குத் தலையில் பெரிய ரிப்பன். ரங்கூனுக்குக் கொண்டுபோக ஒரு படம் வேண்டுமாம். படம் எடுக்கப்போவதாக வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று சுருக்கென்றது. சரி, திடீரென்று தோன்றியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, நான் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பாய் அவர்களைக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நிறுத்தினார். பியாட்ரிஸ் என்னவோ அகஸ்டினிடம் கிசுகிசுத்தாள். அவன் திரும்பி, "அக்கா, நீயும் வா," என்றான்.

"நானா? பசைக் கையோட கீறேன்டா."

"பரவால்ல, வாங்க அண்ணி. கைய முந்தானைல மறச்சுக்குங்க," என்றாள் பியாட்ரிஸ்.

எனக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் என்ன? ரங்கூனுக்குக் கொண்டுபோகிற படத்தில் என்னைச் சேர்க்கிறான் என்றால் ரங்கூனுக்கும் சேர்த்துத்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். இந்தக் கோடியில் அகஸ்டின், பக்கத்தில் பிலோமி, அப்புறம் பியாட்ரிஸ், அந்தக் கோடியில் நான். "மர்சலின்மா, கிட்டக்க வா, இன்னும் கிட்டக்க," என்றார் பாய். நான் ஒரு எட்டு நகர்ந்தேன். பட்டுப் புடவையில் பசை ஒட்டிவிடுமே என்று பியாட்ரிஸ் ஒரு எட்டு அகஸ்டின் பக்கம் நகர்ந்தாள். படம் எடுத்தாகிவிட்டது.

"அப்பாடா, நாலு ஆயிடுச்சு," என்றாள் பியாட்ரிஸ். "மூணு பேரா மட்டும் நிக்கவே கூடாதுன்னு எங்க சித்தி சொல்லும் அண்ணி. நடுவுல நிக்கிறவங்களுக்கு ஆவாதாம். நம்ம பிலோமிதான நடுவுல வருது!"

மூன்று பேர் சேர்ந்து படம் எடுத்தால் நடுவில் இருப்பவருக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் தொழிலில் தினமும் கேட்கிற பேச்சுதான். இந்து, துலுக்கர், கிறிஸ்தவர் என்ற பேதமில்லை. மூன்று பேராக வருகிறவர்கள், தெருவில் போகிற யாரையாவது நாலாவதாக இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். ஒருமுறை பாய் கடைக்கு வந்த தபால்காரரையே நிறுத்தியிருக்கிறார்கள். இதெல்லாம் பாவம் என்று எங்கள் மாதா கோயில் சாமியார் பிரசங்கத்தில் திட்டுவார். நாங்களும் தலையை ஆட்டுவோம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொண்டால் போகிறது என்று மறுபடியும் நாலாவது ஆளைத் தேடுவோம். நானே எத்தனையோ குடும்பங்களுக்கு நாலாவதாக நின்றிருக்கிறேன். அவர்கள் வீட்டுச் சுவர்களில் எல்லாம் நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

அப்படி நின்றபோதெல்லாம் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. சொந்தத் தம்பிக்கும் நாலாவதாகத்தான் நின்றேனா என்று அன்றைக்கு முழுவதும் நெஞ்சில் ஒரு முள். பியாட்ரிஸ் வாய் அப்படி, அகஸ்டின் மனசு அப்படியில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை சாயந்திரம் ஆபீஸ் முடிந்து அவன் ஸ்டூடியோவுக்கு வந்தான். படத்தைக் காட்டினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. நாலு பேர் வரிசையாக நின்றதால் அகலப் படம்.

"இத அந்தத் தங்க ஓரம் போட்ட சட்டத்துல போட்டுக் குடுக்கா. பியாட்ரிசுக்கு அதுதான் வேணுமாம்," என்றான்.

"அது சதுரம்டா. நாலு பேர் கொள்ளாது."

"எப்படியாவது பண்ணேன். நீதான் எல்லாருக்கும் பண்ற."

"மொத்தத்தையும் சின்னதா எடுத்து, மேலயும் கீழயும் வெள்ளையா விட்டுடலாம். நாலு பேரும் இருப்போம்."

"முகம் பொட்டு மாதிரி ஆயிடுமேக்கா."

அலுப்புடன் என் இரண்டு 'ட'க்களையும் எடுத்துப் படத்தின் மேல் வைத்தேன். உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் அகலம் என்று அளந்து காட்டினேன். "பார். இந்தப் பக்கம் தள்ளினா நீ போயிடற. அந்தப் பக்கம் தள்ளினா நான் போயிடறேன். நடுவுல வெச்சா உனக்கு ஒரு கை இல்ல, எனக்கு பாதி முகம் இல்ல. இதுல எது வேணும், சொல்லு."

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அப்படியானால் சதுரம் வேண்டாம், அகலச் சட்டமே போடு என்று சொல்வான் என்று நினைத்தேன். அவன் சொல்லவில்லை. குனிந்து, ஒரு விரலால் அட்டையைத் தள்ளினான். மெதுவாகத்தான் தள்ளினான். அவன் தெரிந்தான், பிலோமி தெரிந்தாள், பியாட்ரிஸ் தெரிந்தாள். பியாட்ரிசுக்கும் எனக்கும் நடுவே இருந்த அந்த ஓர் எட்டு இடைவெளியில் அட்டை விளிம்பு வந்து கச்சிதமாக நின்றது. வெட்டுவதற்கென்றே விட்டு வைத்த இடம் போல இருந்தது. கறுப்பு அட்டைக்குக் கீழே நான் போய்விட்டேன்.

"இது சரியா இருக்கும்ல?" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரியா இருக்கும்," என்றேன்.

அப்போதே கேட்டிருக்கலாம். ஆத்திரம் வந்தது, அதைவிட அதிகமாக அசதி வந்தது. காலையிலிருந்து பதினேழு படம் நறுக்கியிருந்தேன்.

"ஆனா மூணு ஆயிடுதே," என்று அவனே சொன்னான். "பியாட்ரிஸ் ஒத்துக்க மாட்டா. நடுவுல பிலோமி வேற." நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தான். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம், வேப்பெண்ணெய் தடவியும் போகவில்லை. "அக்கா, அப்பா படம் இருக்குல்ல? மேல காலியா இருக்கற எடத்துல முட்டை மாதிரி வெட்டி அப்பாவ ஒட்டிடு. நாலு ஆயிடும்ல?"

இறந்தவர்களை இப்படி மூலையில் ஒட்டுவது வழக்கம்தான். முகத்தை மட்டும் சின்னதாகப் பிரதி எடுத்து, முட்டை வடிவத்தில் நறுக்கி, மேகத்துக்குள் இருப்பது போலச் சுற்றிலும் வெள்ளை பூசிவிடுவோம். செத்த மாமனார் மருமகளுக்கு ஆசீர்வாதம் செய்வார். அதனால் அவன் கேட்டதில் தொழில் ரீதியாக ஒரு தப்பும் இல்லை. செத்து ஐந்து வருஷமான அப்பா ரங்கூனுக்குப் போகலாம். உயிரோடு எதிரில் நிற்கிற எனக்குத்தான் இடமில்லை. இதை அவனிடம் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை ஆயிடும்," என்று மட்டும் சொன்னேன்.

வேலையில் நான் வஞ்சம் வைக்கிறவள் இல்லை. வியாழக்கிழமை பாய் அப்பாவின் முகத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக இருந்தபோது கத்தியைத் தீட்டி, இரும்பு அளவுகோலை வைத்து, அகஸ்டின் காட்டிய இடத்தில் ஒரே இழுப்பில் நறுக்கினேன். நான் ஒரு நீளத் துண்டாகத் தனியே விழுந்தேன். இரண்டு விரல் அகலம்கூட இல்லை. பசைக் கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. கூடையில் போட்டு, மேலே நாலைந்து பேருடைய கால்களைப் போட்டு மூடினேன்.

அப்பாவை இடது மூலையில் ஒட்டி, ஒட்டு தெரியாமல் பூசி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பாய் வந்து பார்த்தார். பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது. பதினோரு வருஷம் கூட வேலை பார்த்தவர்.

"இன்னாம்மா இது?" என்றார்.

"சதுரம் பாய். நீங்க வாங்கினதுதான்."

அவர் முகம் செத்துப்போயிற்று. பாவம், அவர் என்ன செய்வார்? ஏலத்தில் மலிவாகக் கிடைத்தது, எடுத்தார். சொன்ன பிறகு நானே வருத்தப்பட்டேன்.

சாயந்திரம் படத்தைச் சட்டத்தில் மாட்டி, உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நடந்தேன். கடல் காற்று எதிரே அடித்தது. டிராமுக்குக் காத்திருக்கவும் பொறுமையில்லை, வீட்டுக்குப் போகவும் கால் எழவில்லை. வீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். பாதிச் சாமான்களைச் சாக்கில் போட்டுத் தைத்தாகிவிட்டது. பியாட்ரிஸ் உறையைப் பிரித்துப் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். முதலில் அழகு பார்க்கவில்லை. விரலை வைத்து எண்ணினாள். அகஸ்டின் மேல் ஒன்று, பிலோமி மேல் ரெண்டு, தன் மேல் மூணு. விரல் மூலைக்குப் போய் அப்பாவின் நெற்றியில் நின்றது.

"நாலு," என்று மூச்சு விட்டாள். "ஒட்டினதே தெரியல அண்ணி. உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

அதை அவள் மனதாரத்தான் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அலுப்பாக இருந்தது. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

"அகஸ்டின், கப்பலுக்கு எத்தனை டிக்கெட் எடுத்திருக்க?" என்றேன்.

அவன் கோணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். நூல் காதுக்குள் போகவில்லை. இன்னொரு தரம் முயன்றான்.

"ரெண்டரை," என்றான்.

பிலோமிக்கு அரை டிக்கெட். பாய் அடிக்கடி கேலி செய்வதுபோல் நான் கணக்கில் கொஞ்சம் மந்தம்தான், ஆனாலும் இந்தக் கணக்கு உடனே புரிந்தது. படத்துக்கு நாலு பேர் வேண்டும். கப்பலுக்கு ரெண்டரை போதும்.

"அரை டிக்கெட்னா நான் கடல்ல பாதி வரைக்கும்தான் போவேனா, அத்தை?" என்றாள் பிலோமி.

எல்லோரும் சிரித்தார்கள். அகஸ்டின்தான் ரொம்பச் சிரித்தான், தப்பித்துக்கொண்டவனைப் போல. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது உட்கார வேண்டும் போல இருந்தது. சாக்கு மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அங்க வீடு எப்படி இருக்குமோ தெரியலக்கா," என்று அவன் ஆரம்பித்தான். "ஒரே ரூம்னு சொல்றாங்க. மொதல்ல நாங்க போய் செட்டில் ஆகறோம். அப்புறம் பாக்கலாம். உனக்கும் இங்க வேலை இருக்கு. சாமியார்கிட்ட சொல்லி மடத்துல உனக்கு ஒரு கட்டில் கேட்டு வெச்சிருக்கேன். சாப்பாடு அங்கயே. ஸ்டூடியோவுக்கு நடக்கற தூரம்தான்."

சாமியாருக்குத் தெரிந்திருக்கிறது. மடத்துச் சிஸ்டர்களுக்குத் தெரிந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பூசையில் சிஸ்டர் ஒருத்தி என்னைப் பார்த்து அத்தனை அன்பாகச் சிரித்தது எதற்கு என்று இப்போது விளங்கியது. அந்த ஸ்டூடியோ வேலையை நான் விட்டுவிட்டேன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நாளைக்குக் காலையில் போய், நான் எங்கேயும் போகவில்லை பாய், என்று நிற்க வேண்டும். அவர் கேள்வி கேட்க மாட்டார். அதுதான் கேள்வியை விடக் கஷ்டம்.

உனக்காக நான் எதையெல்லாம் விட்டேன் தெரியுமா என்று கத்தியிருக்கலாம். ஆனால் கத்தி அவனை மனம் மாற்றி, மூன்றரை டிக்கெட் வாங்க வைத்து, ரங்கூனில் ஒரே ரூமில் அவர்களுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ எனக்குத் தெம்பு இல்லை. சட்டங்கள் வேறு இன்னும் எட்டு டஜன் பாக்கி இருந்தன. ஆறு மணிக்கு முன்னால் வேலை முடியாது. அங்கிருந்து மடத்துக்கு நடந்து போக அரை மணி ஆகும்.

"மடத்துல கதவு எத்தனை மணிக்குச் சாத்துவாங்க?" என்று கேட்டேன்.

தெரியாது என்று சொல்வான், விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்வான் என்று நினைத்தேன். அவன் யோசிக்கவே இல்லை.

"ஏழு மணிக்கு," என்றான்.